264 மணி நேரம் தூங்காத ராண்டி கார்ட்னர்: ஒரு நிகழ்வு ஆய்வு

தூக்கமின்மை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ராண்டி கார்ட்னர் பெயர் வந்துவிடும். 17 வயதுப் பள்ளி மாணவர், 11 நாள் தொடர்ந்து விழித்திருந்தார், கடைசியில் ஒரே மூச்சாகத் தூங்கி எழுந்தார், ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதை பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. 'ஒன்றும் ஆகவில்லை' என்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. அந்த நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளே போதும்.

நடந்தது என்ன

1963 டிசம்பர். கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில், பாயின்ட் லோமா உயர்நிலைப் பள்ளி மாணவர்களான ராண்டியும் அவருடைய நண்பர் புரூஸ் மெக்அலிஸ்டரும் அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஹொனலுலுவைச் சேர்ந்த டாம் ரவுண்ட்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் 260 மணி நேரம் தூங்காமல் இருந்து சாதனை வைத்திருந்தார். அதை முறியடிப்பது, அப்படியே தூக்கமின்மையின் விளைவையும் பார்ப்பது என்று முடிவானது. முதலில் அவர்கள் சோதிக்க நினைத்தது, தூங்காமல் இருந்தால் அமானுஷ்ய சக்தி ஏதாவது வருகிறதா என்பதைத்தான். அதையெல்லாம் அளக்க வழியில்லை என்று தெரிந்ததும் நினைவாற்றல், கவனம், கூடைப்பந்து என்று கைக்கெட்டிய விஷயங்களுக்கு இறங்கிவந்தார்கள்.

யார் விழித்திருப்பது? நாணயத்தைச் சுண்டினார்கள். ராண்டிக்கு விழுந்தது.

டிசம்பர் 28 காலை ராண்டி எழுந்தார். ஜனவரி 8 காலை வரை படுக்கவில்லை. ஊக்க மருந்து எதுவும் இல்லை. அவரைக் கண்காணிக்க இரவெல்லாம் உடன் விழித்திருந்த மெக்அலிஸ்டர், மூன்றாம் இரவு முடிந்தபோது சுவரில் சாய்ந்தபடி கண் விழித்தார்; கையில் பேனா, குறிப்புகளைச் சுவர்மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஜோ மார்சியானோ என்ற இன்னொரு நண்பரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சாட்சியங்களில் இது ஒன்று. தூக்கம் கெட்ட மூளை எப்படி நடந்துகொள்ளும் என்பதை, பார்வையாளராக இருந்தவரே முதலில் காட்டிவிட்டார். கை எழுதுகிறது, மனம் அங்கே இல்லை.

செய்தி நாளிதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பி வந்தவர் தூக்க ஆய்வாளர் வில்லியம் டெமென்ட். தூக்க ஆராய்ச்சி என்று ஒரு துறை இருப்பதே பலருக்கும் தெரியாத காலம் அது. கண்கள் படபடவென அசையும் கனவுத் தூக்கத்தை (ஆர்.இ.எம். தூக்கம்) யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் விவரித்து எழுதி அப்போது பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது, டெமென்ட் அவர்களுடைய சிகாகோ ஆய்வகத்தில் உருவானவர். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த ராண்டியின் பெற்றோருக்கு அவர் வந்தது பெரிய ஆறுதல். மனிதன் தூங்காமலேயே இருந்தால் இறந்துபோவானா என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் விடை இல்லை. அந்த ஊரிலேயே இருந்த கடற்படை மருத்துவர் ஜான் ராஸ், ராண்டியின் உடல்நிலையையும் நரம்பியல் மாற்றங்களையும் கவனித்து எழுதும் பொறுப்பை ஏற்றார்.

பகலில் பெரிய சிரமம் இல்லை. இரவுதான் பாடாய்ப் படுத்தியது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் கண்ணை மூடவிட்டால் போதும், போய்விடுவார். கூடைப்பந்து ஆடவைத்தார்கள், பாட்டைச் சத்தமாக வைத்துக் காரில் ஊரைச் சுற்றினார்கள், கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரே பையன், இரண்டு அறிக்கைகள்

டெமென்ட் பிற்காலத்தில் அடிக்கடி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. பத்தாம் நாள் வாக்கில் ராண்டியை விளையாட்டு இயந்திரங்கள் வைத்திருக்கும் கடைக்குக் கூட்டிப்போனார். இருவரும் திரும்பத் திரும்ப ஆடினார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து வந்த டெமென்ட் தோற்றார். பத்து நாள் தூங்காத பையன் வென்றார். ஜனவரி 8 அன்று செய்தியாளர் சந்திப்பிலும் ராண்டி தெளிவாகவே பேசினார். 'ஒன்றும் ஆகவில்லை' என்ற கதை பிறந்தது இங்கேதான்.

ராஸின் குறிப்புகளைப் படித்தால் வேறொரு பையனைப் பார்ப்பதுபோல இருக்கும். இரண்டாம் நாளே கண்களை ஒரு பொருளில் நிலைநிறுத்த முடியவில்லை. தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டார். கையில் கொடுத்த பொருளைப் பார்க்காமல் தொட்டுச் சொல்லும் சோதனையில் தடுமாறினார். மூன்றாம் நாள் குமட்டல், மனநிலைத் தடுமாற்றம். நாப்புரட்டு வாக்கியங்களைச் சொல்ல முடியவில்லை. நாலாம் நாள் சிடுசிடுப்பு, மறதி. தெருவோரத்து அறிவிப்புப் பலகை ஒன்று மனிதராகத் தெரிந்தது. அப்புறம், அந்த ஊர் சார்ஜர்ஸ் அணியின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் பால் லோ தான்தான் என்றும் ரோஸ் பவுல் என்ற பெரிய கால்பந்து ஆட்டத்தில் வென்றுவிட்டதாகவும் சிறிது நேரம் நம்பினார். அடுத்தடுத்த நாட்களில் பேச்சு குழறியது, வாக்கியங்கள் பாதியில் நின்றன. கடைசி நாட்களில், ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்துநர் தன்னை வேண்டுமென்றே முட்டாளாக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகமும் வந்தது.

பதினோராம் நாள் நடந்த ஒரு சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் எளிய சோதனை. ராண்டி 93, 86, 79, 72, 65 வரை வந்தார். ஐந்து கழித்தல், ஐந்தும் சரி. பிறகு நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டபோது, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றார்.

கணக்குப் போடும் திறன் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்புதான் அறுந்துபோனது.

இப்போது இந்த இரண்டு அறிக்கைகளில் எது உண்மை? இரண்டுமே உண்மை என்றுதான் நான் படிக்கிறேன். டெமென்ட்டின் மனத்தில் இருந்த கேள்வி வேறு. 1959-இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், பீட்டர் டிரிப் என்ற வானொலி அறிவிப்பாளர் 201 மணி நேரம் விழித்திருந்தார். கடைசிக் கட்டத்தில் கடுமையான மாயக்காட்சிகளும் சந்தேகங்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. அதனால் தூக்கம் இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்ற எண்ணம் பரவியிருந்தது. டிரிப்புக்கு ஊக்க மருந்துகள் கொடுக்கப்பட்டிருந்தன, ராண்டிக்கு இல்லை. தூக்கமின்மை மட்டுமே ஒரு மனிதனை மனநோயாளி ஆக்கிவிடுமா என்பதுதான் டெமென்ட்டின் கேள்வி. அதற்கு 'அப்படி இல்லை' என்று அவரும் அவருடன் ஆய்வறிக்கை எழுதியவர்களும் கண்ட விடை நியாயமானது. தூங்காத மூளை ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது ராஸின் கேள்வி. அதற்கு 65-இல் நின்றுபோன எண்ணிக்கையே விடை. முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் பொருத்திக்கொண்டது நாம்தான்.

விளையாட்டு இயந்திரத்தில் எப்படி ஜெயித்தார் என்பதற்கும் விடை இருக்கிறது. ஒளி, சத்தம், எதிரில் ஒரு போட்டியாளர், சில நிமிடங்களில் முடியும் ஆட்டம். தூக்கம் கெட்டவரும் இப்படிப்பட்ட வேலையில் கொஞ்ச நேரம் தம் கட்டிவிடுவார். தூக்கமின்மை முதலில் அடிப்பது சலிப்பூட்டும் வேலையை. பின்னாளில் டேவிட் டிங்கஸ் 1980-களில் உருவாக்கிய கவனச் சோதனை இதைத்தான் பிடித்துக்கொண்டது: பத்து நிமிடம் ஒரு சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், வேறொன்றும் இல்லை. தூக்கம் கெட்டவர்கள் பெரும்பாலும் வேகமாகவே அழுத்துவார்கள். நடுநடுவே அரை விநாடி, ஒரு விநாடி, சில சமயம் அதற்கும் மேல் எந்த அசைவும் இருக்காது. அந்த இடைவெளிகள்தான் ஆபத்து. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி மூன்று விநாடியில் 65 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

விழித்த மூளைக்குள் தூக்கம்

ஜனவரி 8 காலை சாதனை முடிந்ததும் ராண்டியைக் கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தலையில் மின்முனைகளை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். சுமார் 14 மணி 40 நிமிடம் தூங்கினார். அதன் பிறகு பள்ளிக்கும் போனார். இரண்டாவது முறை பத்தரை மணி நேரம் போல, மூன்றாவது முறை ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

விழித்திருந்த நாட்களில் அவர் இழந்தது சுமார் 67 மணி நேரத் தூக்கம். திரும்ப எடுத்துக்கொண்டதோ அதில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு, 24 விழுக்காடு. இதை வைத்து, அப்படியானால் மிச்ச முக்கால் பங்கு தேவையே இல்லாத தூக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. மூளையின் மின்அலைப் பதிவைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. மேலோட்டமான தூக்கத்தில் 7 விழுக்காட்டைத்தான் மூளை மீட்டது. மிக ஆழ்ந்த தூக்கத்தில் 68 விழுக்காட்டையும் கனவுத் தூக்கத்தில் 53 விழுக்காட்டையும் மீட்டுக்கொண்டது. எது இல்லாமல் முடியாதோ அதை முதலில் எடுத்துக்கொண்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ராண்டியின் மூளையில் சில பகுதிகள், அவர் விழித்திருந்தபோதே அவ்வப்போது குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தன என்று பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கருதியதாக மெக்அலிஸ்டர் பிற்காலத்தில் சொன்னார். அது ஊகம்போலத் தோன்றலாம். ஆனால் 2011-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விளாடிஸ்லாவ் வியாசோவ்ஸ்கியும் ஜூலியோ டொனோனியும் சியாரா சிரெல்லியும் எலிகளில் இதை நேரடியாகப் பதிவு செய்தார்கள். எலிகளுக்குப் புதுப்புதுப் பொருள்களைக் காட்டி, வழக்கமான தூக்க நேரத்தில் நாலு மணி நேரம் விழிக்கவைத்தார்கள். எலி கண் திறந்திருக்கிறது, நடமாடுகிறது, ஒட்டுமொத்த மின்அலைப் பதிவும் விழிப்பு என்றே சொல்கிறது. அந்த நேரத்திலேயே மூளைப் புறணியின் அங்கங்கே சில நரம்பணுக்கள் சட்டென்று அடங்கி, ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதுபோலச் சில கணங்கள் மௌனமாகிவிடுகின்றன. ஆளிருக்கும் வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கு அணைந்து எரிவதுபோல. முன்னங்காலால் சர்க்கரை உருண்டையை எடுக்கும் பணியில், உரிய நரம்பணுக்கள் அடங்கிய நேரத்தில் எலி உருண்டையைத் தவறவிடும் வாய்ப்பு கூடியது.

65-இல் அறுந்த நூலையும் சுவரில் எழுதிய குறிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பது தெரியும். இருந்தாலும், 'தூங்காமல் இருந்தார்' என்ற வாக்கியத்தையே நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். படுக்கவில்லை என்பது உறுதி. மூளை முழுவதும் விழித்தே இருந்ததா என்பது வேறு விஷயம்.

அப்படி என்ன அவசியம்

தூக்கம் வருவதற்குப் பின்னால் இரண்டு விசைகள் இருப்பதாக அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் அழுத்தம். நரம்பணுக்கள் வேலை செய்யச்செய்ய மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. காபி குடித்தால் தூக்கம் கலைவது, காஃபீன் அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வதால்தான். அடினோசின் அப்படியேதான் இருக்கிறது. காஃபீன் நகர்ந்ததும் மறுபடி அழுத்தும். இன்னொரு விசை, பகல் இரவைக் கணக்கு வைத்திருக்கும் உடல் கடிகாரம். ராண்டி விடியற்காலையில் சுருண்டு, பகலில் நிமிர்ந்ததற்குக் காரணம் இந்தக் கடிகாரம். பகல் வெளிச்சத்தில் அவரைச் சந்தித்தவர்களுக்கு அவர் நன்றாக இருப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஏன் தூங்குகிறோம் என்ற பெரிய கேள்விக்கு ஒற்றை விடை இன்னும் கிடைக்கவில்லை. பகலில் கற்றுக் கற்று வலுவேறிப்போன நரம்பு இணைப்புகளைத் தளர்த்திச் சமன்படுத்தும் நேரம் அது என்பது டொனோனியும் சிரெல்லியும் முன்வைத்த கருத்து. தூக்கத்தின்போது மூளைத் திரவம் கழிவுகளை வேகமாக அகற்றுகிறது என்று மைக்கன் நெடர்கார்டின் குழு 2013-இல் எலிகளை வைத்துச் சொன்னது. 2024-இல் வேறொரு குழு அதற்கு நேர்மாறான முடிவைக் கண்டதால் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த விளக்கங்களைவிட எனக்கு வலுவாகப் படும் ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. டால்பின் தண்ணீருக்கு அடியில் அசந்து தூங்கிவிட்டால் மூச்சுக்கு மேலே வர முடியாது. தூக்கம் அத்தனை அவசியமில்லை என்றால் பரிணாமம் அதற்குத் தூக்கத்தையே நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. மூளையில் ஒரு பாதி தூங்க மறுபாதி விழித்திருக்கும்படி செய்திருக்கிறது. மூளையே இல்லாத காசியோபியா என்ற சொறிமுட்டைகூட இரவில் தூக்கம் போன்ற நிலைக்குப் போகிறது என்பதைக் கால்டெக் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். இவ்வளவு பழைய, இவ்வளவு பரவலான ஒரு பழக்கத்தை வீண் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

தூக்கத்தை அடியோடு தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை சிகாகோவில் கிடைத்தது. 1980-களில் ஆலன் ரெக்ட்ஷாஃபனின் ஆய்வகத்தில், தண்ணீருக்கு மேலே சுழலும் தட்டில் எலிகளை வைத்தார்கள். எலி தூங்கத் தொடங்கினால் தட்டு சுழலும், நடக்காவிட்டால் தண்ணீரில் விழும். எலிகள் வழக்கத்தைவிட அதிகம் தின்றன, ஆனாலும் எடை குறைந்தது. தோலில் புண்கள் வந்தன. உடல் வெப்பம் இறங்கியது. 11 முதல் 32 நாட்களுக்குள் எல்லாம் செத்தன. ராண்டி நிறுத்தியதும் 11 நாளில்தான். எலியின் கணக்கு மனிதருக்குப் பொருந்தாது; ஆனாலும் அவருடைய பெற்றோரின் பயம் அர்த்தமில்லாத பயம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆறு மணி நேரம் தூங்குபவர்கள்

பதினோரு நாள் விழித்திருக்கப்போகிறவர் நம்மில் யாரும் இல்லை. நமக்கு நேரும் தூக்கமின்மை வேறு வகை: தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று கரைவது. இதை அளந்தது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் டிங்கஸும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான 48 பேர். சிலருக்கு இரவில் 8 மணி நேரம் படுக்க அனுமதி, சிலருக்கு 6, சிலருக்கு 4 என்று 14 நாள். இன்னொரு குழு மூன்று நாள் அறவே தூங்கவில்லை. இரண்டு வார முடிவில் நாலு மணி, ஆறு மணிக் குழுக்களின் கவனத் தவறுகள் ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் மோசமாகிக்கொண்டே போனது.

ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாக ஏறவில்லை. பழகிவிட்டது என்றே நினைத்தார்கள். செய்தியாளர்கள் முன் தெளிவாகப் பேசிய ராண்டியை நினைவுபடுத்துவது இதுதான். கெட்டுப்போன கருவியை வைத்தே அந்தக் கருவி கெட்டிருக்கிறதா என்று அளக்கிறோம். 'எனக்கு ஆறு மணி போதும்' என்று யார் சொன்னாலும், அதைச் சொல்வது எத்தனை நாள் தூக்கம் குறைந்த மூளை என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-இல் காட்டியது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 0.03 விழுக்காடுதான். காலை ஆறு மணிக்கு எழுந்து, நாளெல்லாம் வேலை பார்த்து, இரவு பதினொன்றுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கார் எடுப்பவர் அந்த 17 மணி நேரத்தில்தான் கிளம்புகிறார். ஊதச் சொன்னால் அவர் தேறிவிடுவார்.

தேர்வுக்கு முந்தைய இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஸ்டிக்கோல்ட் ஹார்வர்டில் 2000-இல் நடத்திய சோதனையில், பார்வைத் திறன் சார்ந்த ஒரு பயிற்சியைக் கற்றவர்களை அன்றிரவு தூங்கவிடவில்லை. அடுத்த இரண்டு இரவு நன்றாகத் தூங்கவைத்துப் பிறகு சோதித்தபோதும் அவர்களிடம் முன்னேற்றம் இல்லை. அன்றிரவே தூங்கியவர்களுக்கு இருந்தது. ஒரு பயிற்சியில் கண்டதை எல்லாப் பாடத்துக்கும் நீட்டிவிட மாட்டேன். ஆனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை விடிய விடிய உட்காரவைத்துவிட்டு, தேர்வு முடிந்ததும் தூங்கிக்கொள்ளட்டும் என்று நினைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னாளில்

ராண்டியின் சாதனையைப் பிறகு சிலர் முறியடித்தார்கள். ஆபத்து கருதி கின்னஸ் நிறுவனம் இந்த வகைச் சாதனையைப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது. அதனால் மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து, மின்அலைப் பதிவோடு, இத்தனை நீண்ட விழிப்பைக் கவனித்த நிகழ்வுகளில் இதுவே இன்றும் முதன்மையாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே ஒரு ஆள், 17 வயது, நல்ல உடல்நிலை, கூடவே இரவும் பகலும் பேச்சுத்துணைக்கு ஆட்கள். இந்த நிபந்தனைகளை மறந்துவிட்டு அதிலிருந்து பொது விதி எடுப்பது சரியல்ல, 'ஒன்றும் ஆகாது' என்ற விதியாக இருந்தாலும் சரி, 'இவ்வளவு கெடும்' என்ற விதியாக இருந்தாலும் சரி.

2017-இல் அமெரிக்கப் பொது வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ராண்டி பேசினார். அறுபது வயதை ஒட்டித் தூக்கமே வராத நிலை தனக்கு வந்ததென்றும், பல ஆண்டுகள் அது நீடித்ததென்றும், அந்தப் பழைய பரிசோதனைக்குக் கிடைத்த வினைப்பயனாகவே அதைத் தான் கருதுவதாகவும் சொன்னார். மருத்துவ ரீதியாக இதை நிறுவ வழியில்லை. அந்த வயதில் தூக்கம் கெடுவதற்கு வேறு காரணங்கள் எத்தனையோ உண்டு. 1964-இல் மூன்றே தூக்கங்களில் பழையபடி ஆனவருக்கு அரை நூற்றாண்டு கழித்து அதன் விளைவு வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மூன்று தூக்கங்களுக்குப் பிறகு அவரை யாரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்துப் பார்க்கவும் இல்லை. அடுத்த சில வாரங்களில் எடுத்த தூக்கப் பதிவுகளோடு அந்த ஆய்வு நின்றுவிட்டது.